ஐந்தில் நின்ற முள்

பேச்சிச்செல்வி வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள் என்றால், தெருமுனை வரை போய் ஒரு தடவை திரும்பி வருவாள். பூட்டை இழுத்துப் பார்ப்பாள். சில நாள் இரண்டு தடவை. முத்தையாபுரத்தில் அவள் தெருவில் இதற்காக யாரும் இப்போது சிரிப்பதுகூட இல்லை, பழகிவிட்டது. புருஷன் சிவப்பிரகாஷ் மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். காலை பத்து மணிக்கு அவள் போன் வந்தால், ஹலோகூடச் சொல்ல மாட்டான். "கேஸை மூடியாச்சுளா. மோட்டாரையும் அமத்தியாச்சு. நீ வேலையைப் பாரு" என்று சொல்லி வைத்துவிடுவான். நல்ல மனுஷன். வேறொருவன் என்றால் என்றைக்கோ அந்தப் போனைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பான்.

இப்படிப்பட்ட ஒருத்திக்கு அரசாங்கம் கொடுத்திருக்கிற வேலை என்ன தெரியுமா? துறைமுக யார்டிலிருந்து கிளம்பும் சரக்கு ரயில்களுக்கு பிரேக் சரியாக இருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது! அவள் கையெழுத்து இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஒரு நாளைக்கு இரண்டு வண்டி, மூன்று வண்டி. ஒவ்வொன்றிலும் ஐம்பத்தெட்டு வேகன். சந்தேகப் பிராணிக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யார் யோசித்திருக்க முடியும்?

ஆனால் அவளுக்கு அந்த வேலை உயிர். தாமிரபரணிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கப் போனபோது, வகுப்பில் பெண்பிள்ளைகள் மூன்று பேர். இருபத்து மூன்று வயதில் ரயில்வேயில் டெக்னீசியனாகச் சேர்ந்து, சுத்தியலும் ஸ்பேனருமாக வேகனுக்கு அடியில் குனிந்து கிடந்து, பரீட்சை எழுதி, நான்கு வருஷத்துக்கு முன்னால் ஜூனியர் இன்ஜினியர் ஆனாள். இப்போது வயது நாற்பத்தொன்று. கையெழுத்துப் போடும் உரிமை வந்த அன்று சிவப்பிரகாஷ் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லாலா கடை அல்வா கொடுத்தான்.

பிரேக்கைப் பற்றி ஊரில் பாதிப் பேர் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிரைவர் பிரேக் போட்டால் காற்று பாய்ந்து போய்ச் சக்கரத்தை அமுக்கும் என்று. அப்படி இல்லை. இன்ஜினிலிருந்து கடைசியில் இருக்கும் கார்டு பெட்டி வரைக்கும் ஒரே குழாய். அதில் எப்போதும் ஐந்து கிலோ அழுத்தத்தில் காற்று நிற்க வேண்டும். நின்றால்தான் பிரேக் விட்டிருக்கும், சக்கரம் உருளும். டிரைவர் பிரேக் போடுவது என்றால், அந்தக் குழாயிலிருந்து கொஞ்சம் காற்றை வெளியே விடுவதுதான். ஒவ்வொரு வேகனின் வயிற்றுக்கு அடியிலும் தனியாக ஒரு காற்று டாங்கும், ஒரு வால்வும் உண்டு. குழாயில் அழுத்தம் இறங்கியதா, அந்த வால்வு உடனே டாங்கின் காற்றை பிரேக் சிலிண்டருக்குத் திறந்துவிடும். சிலிண்டரின் தண்டு வெளியே நீளும், பிரேக் கட்டை போய்ச் சக்கரத்தைக் கவ்வும். ஓடுகிற வண்டி நடுவில் அறுந்து இரண்டாகப் போனால்கூடப் பயமில்லை. குழாய் பிய்ந்து காற்று போய்விடும், இரண்டு துண்டும் தானே நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்தவனும் நம்ம செல்வி மாதிரி ஆள்தான் போலிருக்கிறது. ஏதாவது கோளாறா, முதலில் நில், பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிற புத்தி.

அந்தப் புத்தியையும் ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. வேகனுக்கு வேகன் குழாய் ரப்பர் ஹோஸால் இணைந்திருக்கும். ஹோஸ் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு வேகனின் இரண்டு முனையிலும் ஒரு திறப்பு உண்டு. யார்டில் அதற்குக் காக் என்று பெயர். கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. வண்டியின் நடுவில் ஒரே ஒரு காக் மூடிக்கொண்டால் போதும். அதற்குப் பின்னால் இருக்கும் வேகன்களில் காற்று அப்படியே அடைபட்டுக் கிடக்கும். டிரைவர் முன்னால் எவ்வளவு காற்றை இறக்கினாலும் பின்னால் இருக்கிறவற்றுக்குச் சேதி போகாது. முன் வேகன்கள் நிற்கப் பார்க்கும், பின் வேகன்கள் அவற்றைத் தள்ளிக்கொண்டே போகும். இதில் பெரிய கொடுமை, கார்டு பெட்டியில் அழுத்தம் காட்டும் கேஜின் முள் அழகாக ஐந்தில் நிற்கும். அடைபட்ட காற்றும் ஐந்துதானே காட்டும்?

பேச்சிச்செல்வியின் தூக்கத்தைத் தின்றது இந்த ஒரு விஷயம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சந்தேகத்தில் உர வண்டி ஒன்றை வழியில் நிறுத்தச் சொன்னாள். ஒரு மணி இருபது நிமிஷம் வண்டி நின்றது. ஐம்பத்தெட்டு வேகனும் பார்த்தார்கள். எல்லா காக்கும் திறந்து, பிரேக் கச்சிதமாக இருந்தது. அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. யார்டில் அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் 'சங்கிலி'. பாசஞ்சரில் சும்மா சங்கிலியை இழுக்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்தக் கணக்கில். அவள் மேலதிகாரி முத்துக்கனி கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே ஆள் உண்டு. "இன்னொருக்க இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. கையெழுத்தை வாங்கிட்டு ஆபீஸ்ல ரிஜிஸ்டர் எழுத உக்கார வச்சிருவாங்க" என்று சொல்லியிருந்தார்.

ஆடி மாசம். காற்றென்றால் காற்று, ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று. உப்பளத்திலிருந்து உப்பையும், கப்பலில் இறங்கிய நிலக்கரிக் குவியலிலிருந்து தூசியையும் சேர்த்து முகத்தில் அடித்தது. அன்று கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருக்கும் அனல்மின் நிலையத்துக்குப் போகிற கரி வண்டி. பேச்சிச்செல்வியும் டெக்னீசியன் தேவபிரசாதமும் காலை எட்டு மணிக்கே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தேவபிரசாதம் நாசரேத்துக்காரன், முப்பது வயது, வேலையில் சுத்தம், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு ஜெபப் பாட்டு ஓடும்.

காக் கைப்பிடியைச் சும்மா தட்டினால் திரும்பாது, தூக்கித்தான் திருப்ப வேண்டும். கைப்பிடி நகராமல் உட்கார அதற்கென்று ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். இந்த உப்புக் காற்றில் சில வேகன்களில் அந்தப் பள்ளம் தேய்ந்துவிடும், பிறகு லேசாக இடித்தாலே கைப்பிடி திரும்பிவிடும். அப்படிப்பட்டதைக் கண்டால், புருஷன் கடையிலிருந்து கொண்டுவரும் கட்டுக்கம்பியால் கைப்பிடியைக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுவது அவள் வழக்கம். அன்று நான்கு கட்டினாள்.

பதினொன்றரைக்குச் சோதனை. டிரைவர் இன்ஜினில் காற்றை இறக்கினார், கடைசியில் கார்டு பொன்னுதுரை அண்ணாச்சியின் கேஜிலும் முள் இறங்கியது. திரும்ப ஏற்றினார், ஏறியது. முன்னும் பின்னும் ஒரே குழாய், தடையில்லை. சான்றிதழில் பேச்சிச்செல்வி கையெழுத்துப் போட்டாள். டிரைவர் போட்டார். கார்டின் கையெழுத்துக்காக அவள் வண்டியின் வாலுக்கு நடந்தாள். பொன்னுதுரை அண்ணாச்சி குலசேகரன்பட்டினத்துக்காரர், இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. "என்ன சங்கிலி, எல்லாம் சரியா? இல்ல, வழியில நிறுத்திக் கூப்பிடுவியா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவளும் சிரித்துவைத்தாள்.

அப்போதுதான் வாக்கி டாக்கியில் தேவபிரசாதம் கத்தினான். "எக்கா, முப்பத்தொண்ணுக்கும் முப்பத்திரெண்டுக்கும் நடுவுல காத்து சீறுது. வாஷர் போயிட்டுன்னு நெனைக்கேன். கடல் பக்கம் நிக்கேன், வாங்க."

சிக்னல் விழுந்துவிட்டது. ரயில்களின் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலிலிருந்து ஏன் இன்னும் வண்டி கிளம்பவில்லை என்று ஒரு போன். அவள் வண்டியின் ஆபீஸ் பக்க ஓரமாகவே முன்னோக்கி ஓடினாள். கரித்தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள் அல்லவா, அது அந்த இடத்தில் முழங்கால் அளவு கறுப்புச் சகதியாகத் தேங்கிக் கிடந்தது. சுற்றிப் போக நேரமில்லை. இரண்டு வேகன்களுக்கு நடுவே ஏறி, அவற்றை இணைக்கும் கப்ளிங்கைத் தாண்டி மறுபக்கம் குதித்தாள். ஏறும்போது சகதிக் கால் வழுக்கியது, ஏதோ ஒன்றில் மிதித்து ஊன்றிக்கொண்டாள். அப்படித் தாண்டுவது குற்றம். உப்பளத்துக்குச் சாப்பாட்டு வாளி சுமந்து போகும் சீனித்தாய் தினமும் அப்படித்தான் தாண்டுவாள், தினமும் அவளைப் பேச்சிச்செல்வி வைவாள். "வண்டி அசைஞ்சுன்னா ஒன் கதி என்னளா? பிள்ளையளுக்கு யாரு சோறு போடுவா?" என்று.

இரண்டு பக்கத்துக் காக்கையும் மூடி, ஹோஸைக் கழற்றி, தேவபிரசாதம் புது வாஷர் போட்டான். ஹோஸை மாட்டினார்கள். காக்கைத் திறந்தார்கள். அவள் வாக்கி டாக்கியில், "அண்ணாச்சி, கேஜ் எவ்வளவு?" என்று கேட்டாள். "அஞ்சு" என்றார். இப்படி நடுவில் ஹோஸைக் கழற்றினால் இன்னொரு தடவை காற்றை இறக்கிச் சோதிக்க வேண்டும். அவளுக்கு அது தெரியும். இதற்குள் கன்ட்ரோல் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டது, வேகன் இடுக்கு வழியே பார்த்தால் முத்துக்கனி ஆபீஸ் வாசலில் நின்று, கிளம்பட்டும் என்று கையை ஆட்டினார். சரி, போகட்டும் என்று சொல்லிவிட்டாள். கையெழுத்து வந்த நான்கு வருஷத்தில் அப்படிச் சொன்னது அன்று ஒரு நாள்தான். வண்டி பன்னிரண்டு பத்துக்கு நகர்ந்தது.

ஆபீஸுக்கு வந்து முகம் கழுவி, டீயை வாயில் வைத்தாள். டம்ளரைத் திரும்ப மேஜையில் வைத்தாள்.

"லே தேவா, முப்பத்திரெண்டாவது வேகன் காக்கைத் திறந்தது நீதான?"

தேவபிரசாதம் கையில் பாதி உளுந்தவடை. "நானா? நான் ஹோஸைல்லா மாட்டுனேன். ரெண்டையும் நீங்க திறந்தியன்னு நெனச்சேன்."

"நான் முப்பத்தொண்ணைத் திறந்தேன். அது நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்ப அதையும் நீங்கதான் திறந்திருப்பிய." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். வடையைக் கீழே வைத்தான். "இல்ல, நான் திறந்த மாதிரியும் இருக்கு. திறக்காத மாதிரியும் இருக்கு. எக்கா, என்னைய குழப்பாதிய."

பேச்சிச்செல்வி நாற்காலியை விட்டு எழுந்தாள். கையைப் பார்த்தாள். இந்தக் கை அந்தக் கைப்பிடியைத் தொட்டதா இல்லையா? வீட்டுப் பூட்டு என்றால் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கலாம். இது நாலாயிரம் டன் கரியோடு போய்க்கொண்டிருக்கிறது. போனை எடுத்தாள்.

"அண்ணாச்சி, கேஜைப் பாருங்க. எவ்வளவு நிக்கி?"

"அஞ்சு. கல்லு மாதிரி நிக்கி. ஏன் கேக்க?"

"கிளம்புனதுக்கு அப்புறம் டிரைவர் பிரேக் போட்டாரா?"

"யார்டு கேட்டுப் பக்கத்துல ஒரு தடவை லேசாப் போட்ட மாதிரி இருந்திச்சு."

"அப்பம் முள்ளு இறங்குச்சா?"

 பொன்னுதுரை அண்ணாச்சியின் குரல் கேலி குறைந்து வந்தது. "கவனிக்கலியேம்மா. கொடியப் பிடிச்சிட்டு வாசல்ல நின்னேன்."

"ஒரு தடவை போடச் சொல்லிப் பாருங்களேன்."

"ஓடுத வண்டியில காரணமில்லாம எப்படிம்மா சொல்ல? டிரைவர் நமக்குப் புது ஆளு, மதுரைக்காரரு. யாரு சொன்னான்னு கேப்பாரு. இனி மீளவிட்டான் சிக்னல்லதான் பிரேக்குக்கு வேலை. அங்கன போடும்போது பாத்துச் சொல்லுதேன்."

அதுதான் அவளுக்குப் பயம். முதல் பெரிய பிரேக்கே சிக்னலில்! மீளவிட்டானில் இந்தப் பாதை மெயின் லைனோடு சேர்கிறது. ஒன்று ஐந்துக்கு அங்கே பாசஞ்சர் தாண்டும். அதற்காகக் கரி வண்டியைச் சிவப்பில் நிறுத்துவார்கள். முன்னால் முப்பத்தொரு வேகன் பிரேக் பிடிக்க, பின்னால் இருபத்தேழு வேகன் முட்டித் தள்ளினால் வண்டி சிக்னலில் நிற்குமா? தாண்டிப் போய் நிற்குமா? பாசஞ்சரில் மதியம் யார் யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள். மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு.

முத்துக்கனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். "ஏம்மா, நல்லா யோசி. போன தடவையும் இதே மாதிரிதான் கையைப் பிசைஞ்சிட்டு நின்ன. காக்கு திறந்துதான் இருக்கும். நீ ஒரு பூட்டை நாலு தடவை இழுத்துப் பாக்கவ, காக்கை மறந்திருப்பியா?"

"தெரியலையே சார்! தெரிஞ்சா நான் ஏன் இப்படிச் சாகுதேன்?"

"வெறும் சந்தேகம்னு கன்ட்ரோல்ல சொன்னா கிழிச்சுருவான். பாசஞ்சர் லேட்டாகும், மேல வரைக்கும் போகும். இதோட உனக்குக் கையெழுத்து இல்ல. சொல்லிட்டேன்."

 ஒரு நிமிஷம், சார் சொல்வதே சரியாக இருக்கட்டும், வண்டி தானாகப் போய் நின்றுவிடட்டும் என்று சாமியைக் கும்பிட்டாள். அப்படிக் கும்பிட்டதே அவளுக்குப் பதில் சொல்லிவிட்டது. கும்பிட்டு ஓட்டுகிற வண்டிக்கா கையெழுத்துப் போட்டாள்? கன்ட்ரோல் போனை எடுத்து, பெயரையும் வண்டியையும் சொல்லி, "பிரேக் தொடர்ச்சியில சந்தேகம். சிக்னலுக்கு ரொம்ப முன்னாலேயே மெதுவாக்கி நிறுத்தணும். பாசஞ்சரைப் பிடிச்சு வைங்க" என்றாள். மறுமுனையில் இருந்தவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

தேவபிரசாதத்தின் பைக்கில் உப்பளத்துச் சாலையில் போனார்கள். குறுக்கே அடித்த காற்றில் பைக் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. உப்புக் குவியல்களுக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றிருந்தது. நின்றிருந்தது! அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சிக்னலுக்கு இன்னும் அரை கிலோமீட்டர் இருந்தது.

சரளைக் கல்லில் விழுந்தடித்து ஓடினாள். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. குனிந்து பார்த்தாள்.

இரண்டு கைப்பிடியும் நீளவாக்கில் இருந்தன. இரண்டும் திறந்திருந்தன.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. உடனே பின்னாலேயே அவமானம். அப்படியே தண்டவாளத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.  டிரைவர் இன்ஜினிலிருந்து இறங்கி வந்து, "என்னம்மா, கிடைச்சுதா? அங்க பாசஞ்சரை நிப்பாட்டி வச்சு ஊரே திட்டிக்கிட்டிருக்கு" என்று கத்தினார். அவர் கோபம் நியாயம்தானே. வாக்கி டாக்கியில் பொன்னுதுரை அண்ணாச்சி, "நிறுத்தும்போது கன்ட்ரோல்காரன் போன்ல பிடிச்சிக்கிட்டான், முள்ளைப் பாக்கல. என்ன சங்கிலி, போவமா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார், அதுதான் அவளை இன்னும் சுட்டது.

எழுந்தாள். எப்படியும் கையெழுத்து போயாயிற்று. இதற்கு மேல் என்ன போகப் போகிறது? "சார், காத்தை முழுசா ஏத்திட்டு ஒரே ஒரு தடவை இறக்குங்க. இறக்கி ஏத்திட்டுக் கிளம்பிருங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போய் ஏறினார். அவள் பக்கத்தில் இருந்த முப்பத்திரண்டாவது வேகனில் பிரேக் தண்டு 'டொக்' என்று வெளியே நீண்டது.

"அண்ணாச்சி, இறங்குச்சா?"

வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி?"

"இறங்கலம்மா." அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அஞ்சுலயே நிக்கி."

"கர்த்தாவே!" என்றான் தேவபிரசாதம்.

பின்னால் நோக்கி நடந்தார்கள். முப்பத்து மூன்று, தண்டு வெளியே இருந்தது. முப்பத்து நான்கு, வெளியே. முப்பத்தெட்டு வரை வெளியே. முப்பத்தொன்பதில் தண்டு உள்ளே கிடந்தது. அதற்குப் பின்னால் இருந்த அத்தனையிலும் உள்ளே. இருபது வேகன் பிரேக் இல்லாமல் வந்திருக்கின்றன. முப்பத்தொன்பதின் முன் காக்கில் கைப்பிடி குறுக்கே நின்றது. பள்ளம் தேய்ந்த கைப்பிடி. கட்டுக்கம்பி இல்லை. காலையில் அவள் கண்ணுக்குத் தப்பியது.

டிரைவர் ஓடி வந்து பார்த்தார். அவருக்கு வேர்த்துவிட்டது. "நிறுத்தும்போது பின்னாடி இருந்து தள்ளுற மாதிரி இருந்துச்சு. கரி கூடுதலா ஏத்திட்டாங்கன்னு நெனச்சேன். நடக்குற வேகத்துல வந்ததால நின்னுச்சு தாயி. இல்லாட்டி..." என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொன்னுதுரை அண்ணாச்சி கடைசிப் பெட்டியிலிருந்து மூச்சிரைக்க நடந்து வந்தார். அவளைச் சங்கிலி என்று கூப்பிடவில்லை. "செல்வி" என்று மட்டும் சொன்னார்.

முத்துக்கனி போனில் கிட்டத்தட்ட அழுதார். "ஏம்மா, தெய்வம் மாதிரி காப்பாத்திட்ட. அவார்டுக்கு நானே எழுதிப் போடுதேன். எல்லாம் இந்தக் குறுக்க தாண்டுதவளுவ வேலை. இன்னைக்கு அவளுவளை விடப்போறதில்ல."

பேச்சிச்செல்விக்கு அவர் சொன்னது காதில் விழவில்லை. அவள் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் கறுப்புச் சகதி அப்பிக் காய்ந்திருந்தது. அதில் பதிந்திருந்தது செருப்புத் தடம் இல்லை, ரயில்வே பூட்ஸின் பல்வரிசை. வழுக்கிய கால். மிதித்து ஊன்றிய ஏதோ ஒன்று. அது காலுக்கு அடியில் கொஞ்சம் இறங்கிக்கொடுத்தது இப்போது ஞாபகம் வந்தது. காக்கைத் திறந்து, கையால் துடைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு துடைக்காமலே கம்பியை எடுத்துக் கட்டினாள். டிரைவர் மறுபடி காற்றை இறக்கினார். "இறங்குது, நல்லா இறங்குது" என்றார் பொன்னுதுரை அண்ணாச்சி.

ஆபீஸுக்குத் திரும்பியபோது, வாசலுக்கு உள்ளே தரையில் சீனித்தாய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய சாப்பாட்டு வாளி. ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் நாற்காலியில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. இன்னைக்கு நான் குறுக்க தாண்டவே இல்ல. காத்துல குழம்பு சிந்திரும்னு சுத்தித்தான் போனேன். பிள்ளை மேல சத்தியமாச் சொல்லுதேன். இவரு நம்ப மாட்டேங்காரு" என்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"தினமும் தாண்டுதவ இன்னைக்கு மட்டும் சுத்திப் போனியோ?" என்றார் போலீஸ்காரர்.

பேச்சிச்செல்வி நின்ற இடத்திலேயே சொன்னாள். "அவளை விடுங்க சார். அது நான். நான்தான் அவசரத்துல குறுக்க தாண்டுனேன். என் கால்தான் பட்டுச்சு."

முத்துக்கனி அவளை விறுவிறுவென்று உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "கிறுக்கியா நீ? இவளை ரெண்டு அதட்டு அதட்டி விட்டுருவாங்க, அதோட போச்சு. உனக்கு அவார்டு வருது. இப்பம் போயி இப்படிச் சொன்னா கையெழுத்தும் போச்சு, இன்கிரிமென்டும் போச்சு." குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. கால் வழுக்குச்சு, சரி. நீ மிதிச்சது அந்தக் கைப்பிடிதான்னு உனக்கு என்ன உறுதி? எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுதவதான நீ? இதுலயும் சந்தேகமா இருக்குன்னு எழுது. அது போதும், நான் பாத்துக்கிடுதேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தாள்.

"இல்ல சார். இதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

அரைப் பக்கம் எழுதினாள். குறுக்கே தாண்டியது, வாஷர் மாற்றிய பிறகு சோதிக்காமல் வண்டியை விட்டது, இரண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், திரும்ப ஒரு தடவை படித்துப் பார்க்கவில்லை. முத்துக்கனி பெருமூச்சு விட்டு, சான்றிதழ்ப் புத்தகத்தை அவள் மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வெளியே சீனித்தாய் வாளியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். சோறு ஆறிப்போயிருக்கும். பேச்சிச்செல்வியைப் பார்த்ததும் நின்றாள்.

"அக்கா, இனி நான் சுத்தித்தான் போவேன்" என்றாள்.

"நானுந்தாம்ளா" என்றாள் பேச்சிச்செல்வி.